கோரை முளைத்த மூலை வீடு

நம் மாடித்தோட்டக் குழுவில் இந்த வாரம் எல்லோரும் சின்ன வயதுத் தோட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன். ஒருவருக்கு அப்பா நட்ட மாமரம், ஒருவருக்கு அம்மா தொடுத்த முல்லை. எல்லாருடைய தோட்டத்திலும் குயில் கூவுகிறது. காலை நடையில் பார்த்தபோது "நீங்க மட்டும் ஏன் எழுதலை?" என்று என்னைக் கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் என்னிடம் குயில் கிடையாது. என் அம்மா பழி வாங்கிய கதைதான் இருக்கிறது. அதில் நான் இன்றுவரை அவள் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நாம் எல்லோருமே தோட்டத்தைச் சுருக்கிக்கொண்டு இங்கே வந்தவர்கள்தான். அம்பத்தூரில் எனக்குத் தனி வீடும் சுற்றிலும் மண்ணும் இருந்தன. இப்போது காட்டுப்பாக்கத்தில் ஒரு பால்கனி. குனிய முடியாததால் செடிப் பைகளை இரும்பு ஸ்டாண்டில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். வாளி தூக்க முடியாததால் தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். லிஃப்டில் பார்க்கும் ஐ.டி. பிள்ளைகள், எதற்கு ஆன்ட்டி இவ்வளவு கஷ்டம் என்கிறார்கள். நாமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் புலம்புகிறோம். என் அப்பா புலம்பவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், எங்களுடையது மூலை வீடு. வரிசையில் மற்ற வீடுகளுக்குப் பின்னால் மட்டும்தான் இடம். மூலை வீட்டுக்குப் பக்கவாட்டிலும் இருந்தது. அங்கே ஓர் உறைகிணறு. அப்பா தொழிற்சாலையில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. நான் அவருக்கு வயதான பிறகு பிறந்தவள். அம்மாவுக்கும் அவருக்கும் பதினைந்து வயதுக்கு மேல் வித்தியாசம். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அம்மா கல்யாணமாகி வந்தபோது அந்த இடம் முழுக்கக் கோரைப்புல்லாம். அம்மாதான் எடுத்தாள். கோரையை இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும்தான் கையோடு வரும். கிழங்கு கீழேயே இருக்கும். கறுப்பாக, சுண்டைக்காய் அளவில், நூல் மாதிரி ஒரு வேரில் ஒன்றோடொன்று கோத்திருக்கும். நூலை அறுக்காமல் எல்லாக் கிழங்கையும் வெளியே எடுக்க வேண்டும். ஒன்று தங்கினால் போதும், அடுத்த மழையில் பாத்தி பச்சையாகிவிடும். நான் பிறப்பதற்குள் அம்மா அந்த மண்ணைச் சுத்தம் செய்து முடித்திருந்தாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சாணியும் இலைச்சருகும் போட்டு, கையில் எடுத்தால் ரவை மாதிரி உதிரும் மண்ணாக அது மாறியிருந்தது. மழை பெய்த மறுநாள் அதன் வாசனை அடுப்படி வரைக்கும் வரும்.

அப்பாவுக்கு முட்டி எப்போது போனது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இப்போது யோசித்தால் நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே போயிருக்க வேண்டும். அந்த வருஷம்தான் கத்தரிப் பாத்தியை எடுத்துவிட்டுப் பந்தல் போட்டார். பாகல், புடல், பீர்க்கு எல்லாவற்றையும் நின்றபடியே பறிக்கலாம். அடுத்த வருஷம் வெண்டை விதைக்க ஒரு பழைய இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார். ஒரு முனையை மண்ணில் ஊன்றிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே மேல் முனையில் விதையைப் போடுவார். அது கடகடவென்று உருண்டு இறங்கும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். பிறகு ஒரு நாள் வீட்டிலிருந்த ஸ்டூலின் கால்களைப் பாதியாக அறுத்தார். அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பாத்தி ஓரமாக நகர்ந்து நகர்ந்து வேலை செய்தார். கிணற்றில் இறைக்கிற வேலை எப்படியோ அம்மாவிடம் வந்து சேர்ந்தது. "நீ ஊத்தினாத்தான் செடி கேக்குது" என்பார். அம்மாவுக்குப் பெருமையாக இருக்கும். மற்றபடி, ரிட்டயர்மென்ட் நெருங்க நெருங்க மனுஷனுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கு நாற்பத்து சொச்சம் வயது. வாளி வாளியாக இறைத்துவிட்டு மூச்சுகூட வாங்காமல் நிற்பாள். முட்டி என்று ஒன்று உடம்பில் இருப்பதே அவளுக்குத் தெரியாத காலம்.

அடுத்த வீட்டில் ஃபோர்மேன் இருந்தார். அப்பாவைவிட இளையவர், வேலையில் பெரியவர். திருநெல்வேலிக்காரர். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். அம்மா சீவினால் கண்ணில் தண்ணீர் வரும். அத்தை சிக்கை விரலால் பிரித்துவிட்டுத்தான் சீப்பை வைப்பாள். வெள்ளிக்கிழமையில் சடைக்குள் தாழம்பூ மடல் வைத்துப் பின்னுவாள். அவள் மடியில் உட்கார்ந்திருக்கும்போது வரும் தேங்காயெண்ணெய், மஞ்சள், மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் கலந்த வாசனையை இப்போதும் என்னால் கூப்பிட்டு வரவழைக்க முடியும்.

அப்பாவுக்குச் சித்திரையோடு வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் சில மாதம் குவார்ட்டர்ஸில் இருக்கக் கேட்கலாம், பலரும் கேட்டு இருந்திருக்கிறார்கள். பந்தல் காய்த்து ஓய்ந்து, கிழங்குகளைத் தோண்டி எடுத்து, நிதானமாகத் தை மாதத்தில் கிளம்பலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அப்பாவும் ஃபோர்மேனும் சேர்ந்து ஆபீஸ் பக்கம் நடந்து போவதை அம்மா வேலியருகே நின்று பார்த்தாள். மத்தியானம் அப்பா மட்டும் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"வைகாசிக்குள்ள காலி பண்ணணுமாம். பக்கத்து வீட்டுக்காரர் மூலை வீட்டை அவசரமா கேட்டிருக்கார்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. மூலை வீடு அடுத்து ஃபோர்மேனுக்குத்தான் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றே அந்த வீட்டோடு பேச்சு நின்றது. மறுநாள் காலை அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் சீப்போடு வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். அம்மா உள்ளேயிருந்து என் பெயரைச் சொன்னாள், அவ்வளவே. நான் போகவில்லை. அத்தை மூன்று நாள் வந்து நின்றாள். அந்த வாரத்திலேயே அம்மா என் முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டாள். சீவுவதற்கு யாருக்கும் நேரமில்லை என்றாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெட்டிய சடையைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டது அவர்தான்.

அம்மாவின் கோபம் கத்துகிற ஜாதி இல்லை. வேலை செய்கிற ஜாதி. ஒரு இலைகூட அந்த மனுஷனுக்கு விட்டுவைக்க மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி, மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். பந்தலைப் பிரித்தாள். காய்த்துக்கொண்டிருந்த கொடியைக் காயோடு அறுத்தாள். சேனையைப் பிஞ்சாகவே தோண்டினாள். கறிவேப்பிலைக் கன்றுகளை வேரோடு எடுத்துச் சாக்கில் கட்டினாள். எல்லாம் முடிந்த பிறகு மண்ணையும் விட மனம் வரவில்லை. மேல்மண்ணை மண்வெட்டியால் சுரண்டி மூட்டை கட்டினாள். அண்ணனூரில் பார்த்திருந்த புது வீட்டுக்குச் சாமான் ஏற்ற மூன்று சக்கர மிதிவண்டியோடு வந்த மீன்பாடி வண்டிக்காரர் மூட்டைகளைப் பார்த்து அப்பாவிடம் முறையிட்டார்.

"அண்ணாத்தே, ஊட்டு சாமான் கொஞ்சூண்டுதான் கீது. காலைலர்ந்து மண்ணுதானே ஏத்திகினு கீறேன்."

அப்பா அவருக்குப் பீடி வாங்கிக் கொடுத்தார். அந்த நேரத்தில்கூட அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்டிய கொடி வாசலில் வாடிக் கிடந்தது. அம்மாவின் கைகள் கிழிந்திருந்தன. அவர் சொல்லவில்லை.

மேல்மண் போன இடம் பள்ளமாகிவிட்டது. பள்ளத்தோடு வீட்டை ஒப்படைத்தால் நம்மைத்தான் கேட்பார்கள் என்று அம்மா நியாயமாகச் சொன்னாள். ஏரிக்கரையிலிருந்து ஒரு வண்டி மண் வரவழைத்தாள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவளே போய்க் காட்டினாள். மத்தியானச் சங்கு ஊதி, தெரு ஜனமெல்லாம் சாப்பாட்டுக்கு உள்ளே போயிருந்த வேளையில் அந்த மண்ணைப் பாத்திகளில் பரப்பினோம். நான் ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே கறுப்பு மணி கோத்த மாதிரி கிழங்குகள். மூக்கருகே கொண்டுபோனால் கற்பூரமும் வேரும் கலந்த ஒரு நல்ல வாசனை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. அவள் மண்ணைச் சமமாக நிரவி, வேலியோரம் வரைக்கும் ஒரு இடம் விடாமல் தண்ணீர் தெளித்தாள். கிளம்பும்போது ஃபோர்மேன் வாசலில் நின்று அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா வண்டியில் ஏறி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணனூர் வீடு மாடிப் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டைமாடி. மின்சார ரயில்கள் ஷெட்டுக்குள் போகும் சத்தமும் பிரேக்குக்குக் காற்றடைக்கும் சத்தமும் நாள் முழுக்கக் கேட்கும். அம்மா மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி, கொண்டுவந்த மண்ணையெல்லாம் கொட்டி ஆவடியை அப்படியே மறுபடி உண்டாக்கப் பார்த்தாள். அப்பா சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். பழைய தகர டப்பா, அரை டிரம், கட்டில் சட்டத்தின் மேல் நாலு பெட்டி, அது போதும் என்றார். கட்டில் உயரம் வந்தால் குனியவும் வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா காதில் வாங்கவில்லை. ஆடி மாதம் ஒரு பெரிய மழை பெய்தது. மறுநாள் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா படியேறி வந்து எங்கள் மொட்டைமாடியின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாமா, மேல ஏரி வெட்டிகினு கீறியா? கீழ என் தலையில சொட்டுது. மண்ணு இருந்தா நீ இருக்க மாட்டே. நீ இருந்தா மண்ணு இருக்கக் கூடாது. இன்னான்னு முடிவு பண்ணிக்க."

மண் போனது. பதினைந்து வருஷத்து மண்ணை மூட்டை மூட்டையாக இறக்கி ரயில் பாதைப் பக்கம் கொட்டினார்கள். அப்பா மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அம்மா அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு கறிவேப்பிலையும் இரண்டு துளசியும் சில டப்பாக்களும்தான் மிஞ்சின. ஃபோர்மேன் நன்றாக இருக்க மாட்டான் என்று அன்று அம்மா முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். நானும் சொன்னேன். அப்பா அப்போது அங்கேதான் நின்றிருந்தார்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் அத்தை வந்தாள். யாரையோ விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். அம்மாவால் வாசலில் வந்து நின்றவளை விரட்ட முடியவில்லை. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். அத்தை முடி வெட்டிய என் தலையைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து, சிவந்து கிடந்தது.

"அக்கா, எங்க பாத்தாலும் கோரை. பிடுங்கப் பிடுங்க வந்துக்கிட்டே இருக்கு. நீங்க அவ்வளவு வருஷம் அதை எப்படி அண்ட விடாம வச்சிருந்தீங்க? அதைக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அம்மா மண்ணைக் கிளற வேண்டும், வெயிலில் காயவிட வேண்டும் என்று ஏதோ சொன்னாள். அவள் உதட்டோரம் ஆடியதை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அத்தை காபியைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, எங்கள் மேல் என்ன கோபம் என்று கேட்டாள். அம்மா சொன்னாள். வீட்டுக்கு அவசரப்பட்டவர்கள் யார் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றாள். அத்தை விழித்தாள்.

"இவுகளா? இவுக எவ்வளவோ சொன்னாக அக்கா. நானும் கூட வாரேன், தை வரைக்கும் இருக்கக் கேட்டுருவோம், பிள்ளை படிப்புக்கும் தோதா இருக்கும்னு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனதே இவுகதான். ஆபீசுலயும் சரின்னுட்டாங்க. உங்க வீட்டு அண்ணாச்சிதான் வேண்டாம்னுட்டாரு. முட்டி தாங்கல, இனி அந்தத் தோட்டத்தோட மல்லுக்கட்ட முடியாதுன்னாராம். உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு போய் மறுபடி காபி ஊற்றிக் கொண்டுவந்தாள். அத்தை அதைக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்.

"முட்டி வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்ல வாய் வலிச்சுதா?"

அப்பா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். மறுக்கவில்லை. "சொல்லியிருந்தா நீ தனியாவே அத்தனையும் இழுத்துப் போட்டுச் செஞ்சிருப்பே" என்றார்.

"செஞ்சிருப்பேன். அது என் பாடு. அந்த மனுஷன் தலையில எதுக்குப் போட்டீங்க?"

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார். "யார் மேலயாவது கோவம் இருந்தா நீ சீக்கிரம் கிளம்பிடுவே. கோவம் வந்தா உனக்கு அழுகை வராது."

அவர் அவளை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். தெரிந்ததை இதற்குத்தான் பயன்படுத்தினார். எனக்கும் இப்போது முட்டி வலிக்கிறது. மாடிப்படியைப் பார்த்தால் எனக்கும் பயம் வருகிறது. அதனால் அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. வலியைச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். அவர் சொல்லாததால் எனக்கு அத்தையின் மடி போனது.

அம்மா கடைசியாகச் சொன்னாள். "அங்க கோரை போட்டது நான்." அப்பாவின் முகம் அப்போதுதான் நிஜமாகவே மாறியது. அந்த மண்ணிலா என்று கேட்டார். அந்த மண் எங்கே இருக்கிறது, ரயில் பாதையில் கிடக்கிறது என்றாள் அம்மா. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், முளைத்ததை எல்லாம் நீங்கள்தான் பிடுங்க வேண்டும் என்றாள்.

ஞாயிறு காலை மூன்று பேரும் ரயிலேறி ஆவடிக்குப் போனோம். மூலை வீட்டுக்கு மாறியிருந்த ஃபோர்மேன் முகத்தில் சோப்பு நுரையோடு வாசலுக்கு வந்தார். அம்மா உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, அப்பா சொன்ன பொய்யையும் தான் கொட்டிய மண்ணையும், ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். அப்பா ஸ்டூலைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். தெருவில் பால்காரர், பேப்பர்காரர், எதிர்வீட்டு ஜனம் எல்லோரும் கேட்டார்கள். அம்மா வேண்டுமென்றேதான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஃபோர்மேன் நுரையைத் துண்டால் துடைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது செஞ்சிருக்கலாம், அண்ணாச்சி" என்றார். மீதியைப் பேசியது அத்தை. உள்ளே போய் இரண்டு களைக்கொத்துகளைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் போட்டாள்.

"ரெண்டு பேரும் எடுங்க. முடியிற வரைக்கும் காபி கிடையாது."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். எத்தனையோ வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த அத்தையை அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகவே பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே வேலை. மூன்றாவது தடவையே காபி வந்துவிட்டது. ஃபோர்மேன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் புடலைக்கு எப்போது பந்தல் போடலாம், எந்தப் பக்கம் வெயில் நிற்கும் என்று கேட்பார். அப்பா குட்டை ஸ்டூலில் நகர்ந்தபடியே பதில் சொல்வார். கிணற்றில் இறைப்பது அவர் வேலை இல்லை. செடி பட்டுப்போனால் அவர் பொறுப்பும் இல்லை. மண் மட்டும் கையில் இருந்தது. திரும்பி வரும்போது முட்டி வீங்கியிருக்கும். அம்மா தைலத்தைத் தடவிவிட மாட்டாள். பாட்டிலை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். அப்பா அதைத் தடவிக்கொண்டே வாய்க்குள் ஏதோ பாட்டை முனகுவார். ஐப்பசி பாதியில் அவர் சனிக்கிழமையே சட்டையைத் துவைத்துக் காயப்போட ஆரம்பித்தார்.

அம்மா அதைக் கவனித்தாள். கோரை குறையாததையும் கவனித்தாள். ஒரு ஞாயிறு, அப்பா முடித்துவிட்டு நகர்ந்த இடத்தில் போய் உட்கார்ந்து விரலால் மண்ணைத் தோண்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். கிழங்கு அப்படியே இருந்தது. நூல் அறுந்திருந்தது. இன்னோர் இடத்தில் தோண்டினாள். அங்கேயும் அப்படித்தான். அப்பா இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு கிழங்கை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். அடுத்த வாரம் வருவதற்கு. அம்மா கொஞ்ச தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் முதுகைப் பார்த்தாள். மண்ணை மூடித் தட்டிவிட்டாள்.

அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து அவள் ஆவடி மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்ப ஆரம்பித்தாள். அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை. பள்ளி அரைநாள் விட்ட ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனாள். அத்தை தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் மணல் சலிக்கும் சல்லடையை வாங்கிவந்து சாய்த்து நிறுத்தியிருந்தாள். இரண்டு பேரும் பாத்தியை முழங்கை ஆழத்துக்கு வெட்டி, மண்ணை வாரி சல்லடையில் வீசினார்கள். மண் கீழே விழும், கிழங்கு மேலே நிற்கும். நான் அதைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட வேண்டும். டப்பா நிறைந்ததும் அத்தை வெந்நீர் அடுப்பில் கொட்டுவாள். வீடு முழுக்க அந்தக் கற்பூர வாசனை புகையாக நிற்கும். இடையில் ஒரு தடவை அத்தை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து சொன்னாள்.

"அக்கா, அண்ணாச்சி இங்க வந்து உக்காந்தா முகமே தெளிஞ்சிருது. அப்படியே விட்டுருங்களேன்."

"தெளியட்டும்னா நான் கூட்டிட்டு வந்தேன்?" என்றாள் அம்மா.

அத்தை மறுபடி மண்வெட்டியை எடுத்தாள். வேலை முடிந்த நாளில் அவள் கையைக் கழுவிவிட்டு என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துத் தலையைத் தடவிப் பார்த்தாள். பின்னுவதற்கு இன்னும் முடி வளரவில்லை. காதோரத்தில் இரண்டு கொண்டை ஊசி செருகிவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார். கேட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்பியதும் நின்றுவிட்டார். பாத்திகள் எல்லாம் ஒரே மட்டமாக, கறுப்பாக, வழித்துவிட்ட மாதிரி இருந்தன. ஒரு பச்சை இல்லை. ஓர் ஓரத்தில் அத்தை அரைக்கீரை தூவியிருந்தாள், அது இன்னும் முளைக்கவில்லை. அப்பா ஸ்டூலைப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார். ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுத் துழாவினார். வேறொரு இடத்தில் துழாவினார். ஃபோர்மேன் வாசற்படியில் நின்றவர் உள்ளே போய்விட்டார். அப்பா விரலைத் துடைத்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுகூட விடலையா?"

"ஒண்ணுகூட விடலை. இனிமே நமக்கு இங்க வேலை இல்லை."

அப்பா கையை முட்டியில் ஊன்றி எழுந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டார். அத்தை கொடுத்த காபியை அவர் பாதிதான் குடித்தார். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் அண்ணாச்சி என்று ஃபோர்மேன் சொன்னார். வருகிறேன் என்றார் அப்பா. போனாலும் இனி விருந்தாளியாக நாற்காலியில்தான் உட்கார முடியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆவடி ஸ்டேஷனில் அம்மா வேர்க்கடலை வாங்கினாள். எனக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை அப்பா பக்கம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் வற்புறுத்தவில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலை ஊதி, அண்ணனூர் வருவதற்குள் அவர் பங்கையும் சேர்த்து அவளே தின்று முடித்தாள்.